புழு ஏன் உடனே சாவதில்லை? வளர்ச்சி கட்டுப்படுத்தி மருந்துகள் வேலை செய்யும் விதம்

மருந்து அடித்த அன்று மாலையே புழு சுருண்டு கீழே விழ வேண்டும், இல்லையென்றால் மருந்து சரியில்லை. பூச்சிமருந்து விஷயத்தில் பெரும்பாலானோர் கையில் இருக்கும் அளவுகோல் இதுதான். நரம்பைத் தாக்கும் மருந்துகளைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியதால் வந்த பழக்கம் அது. இதை வைத்து அளந்தால் நோவலுரான், லுஃபெனுரான், டைஃப்ளுபென்சுரான் எல்லாமே தோற்றுப்போகும். அடித்து இரண்டு நாள் ஆகியும் புழு இலைமேல் நடமாடிக்கொண்டிருக்கும், தின்னவும் செய்யும். போலி மருந்து என்று முடிவு கட்டி மூன்றாம் நாள் வேறொன்றை வாங்கி அடிப்பார்கள். நான்காம் நாள் புழு சாகும். நல்ல பெயர் இரண்டாவது மருந்துக்குப் போய்விடும்.

பூச்சி வளர்ச்சி கட்டுப்படுத்தி என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த மருந்துகள் புழுவின் உடலுக்குள் போய் ஒரு குறிப்பிட்ட தருணத்துக்காகக் காத்திருக்கின்றன. புழு தோலுரிக்கும் தருணம் அது. அதனால் இவற்றைப் பொறுத்தவரை எந்த மருந்து என்ற கேள்வியைவிட, அடிக்கும்போது புழுவுக்கு என்ன வயது என்ற கேள்விதான் பெரியது. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ளப் புழுவின் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.

புழுவுக்கு உள்ளே எலும்பு கிடையாது. வெளித்தோல்தான் அதன் எலும்பு, கவசம் எல்லாம். அந்தத் தோலுக்கு உறுதி தருவது கைட்டின் என்ற நார்ப்பொருள். உடலின் மென்மையான பகுதி கொஞ்சம் விரிந்து கொடுக்கும், ஆனால் தலையும் தாடைகளும் இறுகிப்போனவை, துளியும் விரியாது. எனவே வளர வேண்டுமானால் பழைய தோலைக் கழற்றிவிட்டுப் பெரிய தோலுக்கு மாறியாக வேண்டும். பாம்பு சட்டை உரிப்பது போலத்தான், ஆனால் பாம்பைவிட இதற்கு ஆபத்து அதிகம். புதுத் தோல் பழையதற்கு அடியிலேயே தயாராக வேண்டும், பழையது பாதி கரைந்து பிரிய வேண்டும், புழு காற்றை விழுங்கி உடலைப் புடைத்து அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும், பிறகு புதுத் தோல் சில மணி நேரத்துக்குள் இறுக வேண்டும். இந்த வரிசையில் ஒரு படி பிசகினாலும் கதை முடிந்தது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு கைலென்ஸ் இருந்தால் போதும். தோலுரிக்கப்போகும் புழு தின்பதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். தலை உடலைவிடச் சிறியதாகத் தெரியும். தலைக்குப் பின்னால் கழுத்துப் பகுதி வீங்கி வெளிறியிருக்கும், ஏனென்றால் புதிய, பெரிய தலை அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. உரித்து முடித்ததும் நிலைமை தலைகீழாகிவிடும்: உடலைவிடத் தலை பெரிதாக, வெளிறிய நிறத்தில், நேற்றுப் பார்த்த புழுதானா என்று சந்தேகம் வரும்படி இருக்கும். சில மணி நேரத்தில் அந்தத் தலை கருத்து இறுகும். ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் தலையின் அகலம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், சுமார் 1.4 மடங்கு, பெரிதாகிறது என்பதை டயர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1890இல் கவனித்து எழுதினார். ஒரு உரிப்புக்கும் அடுத்த உரிப்புக்கும் இடைப்பட்ட கட்டத்தைத்தான் நிலை என்கிறார்கள். இன்றும் ஒரு புழு எத்தனையாவது நிலையில் இருக்கிறது என்று ஆய்வகத்தில் முடிவு செய்வது உடல் நீளத்தை வைத்து இல்லை, தலை அகலத்தை வைத்துத்தான். உடல் நீளம் தின்றதைப் பொறுத்து மாறும்.

சரி, எப்போது உரிக்க வேண்டும் என்று புழுவுக்கு யார் சொல்கிறார்கள்? முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். ஒன்று எக்டைசோன். இது ரத்தத்தில் ஏறினால் தோலுரிப்பு தொடங்கும். 1954இல் ஜெர்மனியில் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது 25 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய அளவிலேயே அது வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மற்றொன்று இளமை ஹார்மோன். உரிக்க வேண்டும் என்ற உத்தரவை எக்டைசோன் கொடுக்கிறது, உரித்த பிறகு என்னவாக வேண்டும் என்பதை இளமை ஹார்மோன் தீர்மானிக்கிறது. அது இருக்கும்வரை உரிக்கும் புழு மறுபடியும் புழுவாகவே வரும், சற்றுப் பெரிதாக. அது குறைந்த பிறகு உரித்தால் கூட்டுப்புழு.

இந்த இரண்டாவது ஹார்மோனைச் சுற்றி ஒரு விசித்திரமான கதை உண்டு. 1960களின் நடுவில் பிராக் நகரத்திலிருந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன காரெல் ஸ்லாமா, தன்னோடு சிவப்பு நிற மூட்டுப்பூச்சி வகை ஒன்றைக் கொண்டுபோனார். ஐரோப்பாவில் ஐந்தாம் நிலைக்குப் பிறகு ஒழுங்காகச் சிறகு முளைத்துப் பெரிய பூச்சியாகிவந்த அவை, அமெரிக்காவில் பெரியவையாகவே மறுத்தன. ஆறாம் நிலை, ஏழாம் நிலை என்று பெருத்த குஞ்சுகளாகவே இருந்து செத்தன. தேடிப் பார்த்ததில் குற்றவாளி பூச்சிகளுக்கு விரித்துவைத்த காகிதத் துவாலை. அமெரிக்க நாளிதழ்த் தாளிலும் அதே விளைவு, பிரிட்டிஷ், ஜப்பானியத் தாள்களில் இல்லை. காகிதக்கூழுக்குப் பயன்பட்ட ஃபிர் வகை மரத்தில் இளமை ஹார்மோன் போலவே நடிக்கும் ஒரு பொருள் இருந்தது. ஸ்லாமாவோடு வேலை செய்த கரோல் வில்லியம்ஸ் இதையெல்லாம் வைத்து, பூச்சியின் ஹார்மோனையே பூச்சிக்கு எதிராகத் திருப்பும் மூன்றாம் தலைமுறை மருந்துகள் வரப்போகின்றன என்று 1967இல் எழுதினார்.

வந்தன. மெத்தோபிரீன், பைரிப்ராக்சிஃபென் இரண்டும் அந்த வழியில் வந்தவை. கொசு, ஈ, வெள்ளை ஈ ஆகியவற்றுக்கு நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் பயிர்ப் புழுவுக்கு இந்த வழி பெரிதாக உதவவில்லை, காரணம் யோசித்தால் உடனே புரியும். கொசுவில் நமக்குத் தொல்லை கொடுப்பது பெரிய பூச்சி, புழு இல்லை. புழுவைப் பெரிதாக விடாமல் வைத்திருந்தால் வேலை முடிந்தது. பயிரிலோ தின்பதே புழுதான். அதை இன்னும் கொஞ்ச நாள் புழுவாகவே இரு என்று சொல்வது எதிரிக்குக் கூடுதல் சாப்பாடு போடுவதில் முடியும். பட்டு வளர்ப்பில் இதே விளைவை லாபமாக்கியும் பார்த்திருக்கிறார்கள்: மிகச் சிறிய அளவில் கொடுத்தால் பட்டுப்புழு கூடுதலாகத் தின்று பெரிய கூடு கட்டும். வளர்ச்சி கட்டுப்படுத்தி என்று பெயர் போட்டிருப்பதாலேயே எல்லாம் ஒன்று என்று நினைத்துப் புழுவுக்குப் பைரிப்ராக்சிஃபென் அடிப்பது இதனால்தான் வீண். புப்ரோஃபெசினும் அப்படித்தான், அது தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு உரியது.

புழுவுக்கு உருப்படியாக வந்தவை இரண்டு குடும்பங்கள்.

முதல் குடும்பம் தற்செயலாகக் கிடைத்தது. நெதர்லாந்தில் டூஃபார் நிறுவன வேதியியலாளர்கள் இரண்டு களைக்கொல்லிகளின் மூலக்கூறுகளை இணைத்து இன்னும் வலுவான களைக்கொல்லி செய்யப் பார்த்தார்கள். களை சாகவில்லை. ஆனால் சோதனையில் முட்டைக்கோஸ் புழுக்கள் விநோதமாகச் செத்தன, அதுவும் தோலுரிக்கும் நேரத்தில் மட்டும். 1972இல் இது வெளியானது, அதன் வழியில் வந்ததுதான் டைஃப்ளுபென்சுரான். பின்னால் வந்த டெஃப்ளுபென்சுரான், குளோர்ஃப்ளுவாசுரான், லுஃபெனுரான், நோவலுரான் எல்லாம் அதன் தம்பிகள். இவை கைட்டின் உருவாவதைத் தடுக்கின்றன. புழு வழக்கம்போல் தின்னும், நேரம் வந்ததும் வழக்கம்போல் உரிக்கத் தொடங்கும், ஆனால் உள்ளே தயாராகியிருக்கும் புதுத் தோலில் உறுதி இருக்காது. காற்றை விழுங்கிப் புடைக்கும்போது புதுத் தோலே கிழிந்து உடல்நீர் கசியும். வயலில் இவற்றை அடையாளம் காண்பது சுலபம்: பாதி உரித்த சட்டையில் சிக்கியபடி, கருத்து, சுருங்கி, சில சமயம் பின்கால்களால் மட்டும் இலையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். இந்த மருந்துகள் கைட்டினை உருவாக்கும் நொதியிலேயே நேரடியாகப் போய் ஒட்டுகின்றன என்பது ஈக்களில் மரபணுவைத் திருத்தி உறுதிசெய்யப்பட்டது 2016இல்தான். நாற்பதாண்டுக்கு மேல், சரியாக எங்கே அடிக்கிறது என்று தீராமலேயே உலகம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தோம்!

இரண்டாவது குடும்பம் டெபுஃபெனோசைடு, மெத்தாக்சிஃபெனோசைடு. இவை எக்டைசோனைப் போல நடிப்பவை. இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். தோலுரிப்பைத் தொடங்கிவைக்கும் ஹார்மோனைப் போன்ற ஒன்றைக் கொடுத்தால் புழு இன்னும் சீக்கிரம் வளரத்தானே செய்யும்? விஷயம் ஹார்மோன் ஏறுவதில் பாதிதான், மீதி அது இறங்குவதில் இருக்கிறது. எக்டைசோன் ஏறும்போது ஒரு தொகுதி மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன: தின்பது நிற்கிறது, பழைய தோல் பிரிகிறது, புதுத் தோல் படிகிறது. பழைய தோலைக் கழற்றி வெளியே வருவதும் புதுத் தாடையும் தலையும் இறுகுவதும் எக்டைசோன் வடிந்த பிறகுதான் நடக்கும். இயற்கையான ஹார்மோனைப் புழுவின் உடல் சிதைத்து வெளியேற்றிவிடும். இந்தப் போலியை அவ்வளவு எளிதில் வெளியேற்ற முடியாது. வேலை தொடங்கிவிட்டது, முடிக்கச் சொல்லும் சைகை வரவே இல்லை. புழு உரிக்கவேண்டிய வயதுக்கு முன்பே உரிக்கத் தொடங்கி, பழைய தலை ஓடு வாய்க்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்க, உள்ளே இருக்கும் புதுத் தாடை இறுகாமல் மென்மையாகக் கிடக்க, தின்ன முடியாமல் பட்டினியிலும் நீர் வற்றியும் சாகும்.

விவசாயிக்கு இதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. இந்தக் குடும்ப மருந்தைத் தின்ற புழு சில மணி நேரத்திலேயே, அதிகம் போனால் ஒரு நாளுக்குள், தின்பதை நிறுத்திவிடும். பிணம் விழ மூன்று நான்கு நாள் ஆகலாம், சேதம் அன்றே நின்றுவிடும். கைட்டின் தடுப்பான்களில் அப்படி இல்லை, அடுத்த உரிப்பு வரும்வரை புழு தின்றுகொண்டே இருக்கும். இன்னொரு லாபம், இந்தப் போலி ஹார்மோன் இந்தப் புழுக்கள் வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி இனத்தின் உடலில் பொருந்துவது போல மற்றப் பூச்சிகளின் உடலில் பொருந்துவதில்லை. பூச்சிகளை அழித்து நமக்கு உதவும் பொறிவண்டுக்கும் குளவிக்கும் பெரிய பாதிப்பு இல்லாமல் புழுவை மட்டும் பிடிக்கிறது. அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது 1998இல் டெபுஃபெனோசைடை உருவாக்கியவர்களுக்குப் போனது இதற்காகத்தான். வேம்பின் அசாடிராக்டினும் புழுவின் ஹார்மோன் சுரப்பைக் குழப்பும் வேலையைச் செய்கிறது, கூடவே தின்ன விடாமல் வெறுப்பூட்டுகிறது. ஆனால் வெயிலில் சில நாளிலேயே சிதைந்துவிடுவதால் அதன் கணக்கு வேறு.

இப்போது வயது விஷயத்துக்கு வரலாம். மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். ஆறு நிலைகள். மொத்தம் அது தின்னும் இலையில் முதல் மூன்று நிலைகள் சேர்ந்தே 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தின்கின்றன. நான்காம் நிலை சுமார் 5 சதவீதம், ஐந்தாம் நிலை 16, கடைசி நிலை மட்டும் 77. மற்றப் புழுக்களிலும் எண்கள் கொஞ்சம் மாறுமே தவிர இந்தச் சாய்வு மாறாது. கோடையில் அதன் புழுப் பருவம் முழுவதும் 14 நாள் அளவுதான், தொடக்க நிலைகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

இரண்டாம் நிலையில் இருக்கும் புழு நோவலுரான் பட்ட இலையைத் தின்றால், இரண்டு நாளில் அடுத்த உரிப்பு வரும், அதோடு முடியும். அதற்குள் அது தின்னப்போவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கடைசி நிலைப் புழு அதே இலையைத் தின்றால், அதற்கு அடுத்த உரிப்பு கூட்டுப்புழுவாகும்போதுதான். அதுவரை அந்த 77 சதவீதத்தையும் தின்றுவிட்டு, மண்ணுக்குள் போய், கூட்டுப்புழுவாக முடியாமல் செத்துப்போகும். மருந்து வேலை செய்தது, அடுத்த தலைமுறை குறைந்தது, இந்தப் பயிர் போனது போனதுதான். ஓட்டை விழுந்த இலையைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிகிறது என்றால் அங்கே பெரிய புழு வந்துவிட்டது என்று அர்த்தம், அப்போது இதை எடுப்பதில் பயனில்லை. என் அபிப்பிராயத்தில் இந்த மருந்துகளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி மருந்தின் தரத்தைப் பற்றியதே இல்லை, இந்த ஒரு வார தாமதத்தைப் பற்றியது.

எனவே பார்க்க வேண்டியது முட்டையையும் இப்போதுதான் பொரித்த புழுவையும். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கிய நாள் முதல் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்க வேண்டும். முட்டைக் குவியல், அதைச் சுற்றிப் பச்சையம் மட்டும் சுரண்டப்பட்டு மெல்லிய தோல் போலத் தெரியும் இலை, கூட்டமாக இருக்கும் நூல் போன்ற புழு, இந்தக் கட்டம்தான் சரியான கட்டம். காய்க்குள் போகும் புழுக்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு. பொரித்த புழு வெளியே இலையையோ மொட்டையோ கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டு உள்ளே நுழைந்துவிடும், நுழைந்த பிறகு எட்டாது. சில மருந்துகள் முட்டைமேல் பட்டாலே உள்ளிருக்கும் குஞ்சுப்புழு வெளியே வரமுடியாமல் செத்துவிடும். லுஃபெனுரான் போன்றவை பெண் அந்துப்பூச்சியின் உடலுக்குள் போனால் அது இடும் முட்டைகளே பொரிக்காமல் போவதும் உண்டு.

தெளிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். இவை பெரும்பாலும் வயிற்று நஞ்சுகள், புழு தின்றால்தான் உள்ளே போகும். செடிக்குள் ஊடுருவி எல்லா இடத்துக்கும் பரவும் குணம் கிடையாது, தெளித்த இடத்திலேயே இருக்கும். அதனால் இலையின் அடிப்புறம் நனையாமல் மேலாக அடித்துவிட்டுப் போனால் அடிப்புறம் மேயும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. உலர்ந்து ஒட்டிய பிறகு மழைக்கும் ஓரளவு தாங்கும், இலைமேல் வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் பயிர் வேகமாக வளரும் பருவத்தில், அடித்த பிறகு விரியும் புது இலையில் மருந்து இருக்காது. அந்துப்பூச்சி முட்டையிடத் தேடுவதும் பல நேரம் அந்த இளம் இலையைத்தான்.

பலன் பார்க்க ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்க வேண்டும். பார்க்கும்போது பிணத்தை எண்ணாதீர்கள், இளம்புழுக்கள் செத்தால் காய்ந்து தூசியாகி விழுந்துவிடும், கண்ணில் படாது. புதிதாக விரிந்த இலையில் புதுக் கடி இருக்கிறதா என்று பாருங்கள். பொறுமை இல்லாதவர்களுக்காகவே உடனே கொல்லும் மருந்தொன்றோடு கலந்த தயாரிப்புகள் வருகின்றன. சின்னதும் பெரியதுமாகப் புழு கலந்திருக்கும்போது அதற்கு நியாயம் உண்டு. ஆனால் பைரித்ராய்டு போன்ற எல்லாவற்றையும் கொல்லும் ஒன்றோடு கலந்தால், ஒட்டுண்ணிக் குளவிகளைக் காப்பாற்றும் குணத்துக்காக வாங்கிய பொருளில் அந்தக் குணத்தையே காசு கொடுத்து அழித்துவிடுகிறோம்.

அந்தக் குணத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வளர்ந்த பூச்சி தோலுரிப்பதில்லை என்பதால் வளர்ந்த தேனீ, குளவி, பொறிவண்டு சாவதில்லை என்பது உண்மை. அவற்றின் குஞ்சுகள் உரிக்கின்றன. கைட்டின் தடுப்பான் பொறிவண்டின் புழுவுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவுக்கும் ஆபத்துதான். தேனீ பூவிலிருந்து கொண்டுபோகும் மகரந்தத்தோடு மருந்தும் கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளைக் கெடுக்கும். வேலைக்காரத் தேனீக்கள் நன்றாகவே பறந்துகொண்டிருப்பதால் இது தெரிய நாளாகும். இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் ஃபெனாக்சிகார்ப் என்ற மருந்து இப்படித் தேனீக்குஞ்சுகளைப் பாதித்த அனுபவத்துக்குப் பிறகுதான் தேனீக்குஞ்சுகளுக்கென்றே தனி சோதனை முறையை ஐரோப்பாவில் 1992இல் வகுத்தார்கள். அதே மருந்து பழத்தோட்டங்களிலிருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்து, வட இத்தாலியில் பட்டுப்புழுக்கள் கூடு கட்டாமலே போன சம்பவமும் உண்டு. பட்டுப்புழுவும் புழுதானே.

தண்ணீரில் ஆபத்து இன்னும் நேரடியானது. இறால், நண்டு, நீர்ப்பூச்சிகள் எல்லாம் கைட்டின் ஓடு போட்டு உரித்து வளர்பவை. டைஃப்ளுபென்சுரான் மிகக் குறைந்த அளவிலேயே இவற்றைக் கொல்லும். தெளிப்பானைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுவது எந்த மருந்துக்கும் தப்பு, இதற்கு இரட்டிப்புத் தப்பு. மனித உடலில் கைட்டினும் இல்லை, எக்டைசோனும் இல்லை, அதனால் உடனடி நச்சு மிகக் குறைவு. அதற்காக எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. டைஃப்ளுபென்சுரான் சிதையும்போது உருவாகும் ஒரு பொருளைப் பற்றிய கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதை உண்ணாப் பயிர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது.

அப்புறம் எதிர்ப்புத்திறன். புழு தன் சொந்த ஹார்மோனுக்கு எதிராகவே எதிர்ப்புத்திறன் வளர்க்க முடியாது என்று தொடக்கத்தில் சிலர் நம்பினார்கள். அது பொய்க்க அதிக காலம் ஆகவில்லை. 1980களின் இறுதியில் தென்கிழக்கு ஆசியாவின் முட்டைக்கோஸ் வயல்களில் வைரமுதுகு அந்துப்பூச்சி கைட்டின் தடுப்பான்களைச் சட்டை செய்யாமல் போகத் தொடங்கியது. 1990களில் பிரான்சின் ஆப்பிள் தோட்டங்களில் பழத்துளைப்பான் இரண்டு குடும்பங்களுக்குமே எதிர்ப்புக் காட்டியது. சில இடங்களில் புழு மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டிக்கொண்டது. வைரமுதுகு அந்துப்பூச்சியிலோ கைட்டின் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஒரு மாற்றம் மொத்தக் குடும்பத்தையும் செயலிழக்கச் செய்யப் போதும்.

இதனால் போன முறை லுஃபெனுரான், இந்த முறை நோவலுரான் என்று மாற்றுவது மாற்றமே இல்லை. கடையில் பெயரும் நிறமும் வேறாக இருக்கும், புழுவின் உடலில் இரண்டும் ஒரே இடத்தில்தான் ஒட்டும். இதற்காகத்தான் செயல்படும் இடத்தை வைத்து மருந்துகளுக்கு உலக அளவில் எண் கொடுத்திருக்கிறார்கள். கைட்டின் தடுப்பான்கள் 15ஆம் தொகுதி, எக்டைசோன் போலிகள் 18, இளமை ஹார்மோன் போலிகள் 7. புழுவின் ஒரு தலைமுறை சுமார் ஒரு மாதம் என்றால் அந்த மாதத்துக்குள் 15ஐ ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்தாலும் சரி, அடுத்த தலைமுறைக்கு 15 கூடாது, 18க்கோ முற்றிலும் வேறு எண்ணுக்கோ போக வேண்டும். பல நாடுகளில் டப்பாமேல் இந்த எண் அச்சிட்டே வருகிறது. இல்லாத இடத்தில் மூலப்பொருளின் பெயரைப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும்: ‘சுரான்’, ‘லுரான்’, ‘னுரான்’ என்று முடிபவை அநேகமாக 15, ‘ஃபெனோசைடு’ என்று முடிபவை 18.